பேச்சு கேட்காத காப்பிக்கடைகள்: 19ஆம் நூற்றாண்டுக் கீழைத்தேய ஓவியங்கள் காட்டியதும் விட்டதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தீட்டிய இஸ்தான்புல், கெய்ரோ காப்பிக்கடை ஓவியங்களை அக்கால மக்களின் கூடிவாழ்வுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்றும், அவற்றில் இருப்பவர்கள் ஏன் பெரும்பாலும் வாய் திறவாமல் புகைத்துக்கொண்டே அமர்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கோப்பை, பாய், புகைக்குழாய், அடுப்பு, மரச் சட்டகம் ஆகிய பொருள்களைப் பொறுத்தவரை இந்த ஓவியர்களில் பலர் நம்பத்தக்கவர்கள். சிலர் வியக்கத்தக்க அளவுக்கு நுணுக்கமானவர்கள். ஆனால் காப்பிக்கடையை மற்றக் கடைகளிலிருந்து வேறுபடுத்திய ஒன்று, அதாவது அங்கே நடந்த பேச்சு, அவர்களுடைய திரைச்சீலைகளில் பெரும்பாலும் ஏறவில்லை. அந்தக் கடைகளை நடத்தியவர்களும் நாடியவர்களும் அஞ்சியவர்களும் அவற்றைப் பேச்சின் இடமாகத்தான் அறிந்திருந்தார்கள் என்பதால் இந்த விடுபாடு சிறியதன்று.

முதலில் அந்தச் சமூகமே தன் காப்பிக்கடையைப் பற்றி என்ன சொன்னது என்று பார்க்கலாம். இஸ்தான்புல்லில் ஹிஜ்ரி 962 வரை, அதாவது 1554–55 வரை, காப்பியோ காப்பிக்கடையோ இருந்ததில்லை என்றும், அவ்வாண்டில் அலெப்போவிலிருந்து ஹகம் என்பவரும் டமாஸ்கஸிலிருந்து ஷம்ஸ் என்பவரும் வந்து தஹ்தகலே பகுதியில் ஆளுக்கொரு பெரிய கடை திறந்தார்கள் என்றும் ஒட்டோமன் வரலாற்றாசிரியர் இப்ராஹிம் பெச்செவி எழுதியிருக்கிறார். அங்கே வந்தவர்களில் சிலர் நூல்களை வாசித்தார்கள், சிலர் தாயக்கட்டை உருட்டி ஆடும் தவ்லாவிலும் சதுரங்கத்திலும் மூழ்கினார்கள், சிலர் புதிதாக எழுதிய கவிதைகளைக் கொண்டுவந்து இலக்கியம் பேசினார்கள் என்பது அவர் தரும் சித்திரம். தொழுகை நடத்துபவர்கள் மசூதியில் ஆள் குறைந்துபோனதாகக் குறைப்பட்டதையும், இதைவிட மதுக்கடையே மேல் என்று மார்க்க அறிஞர்கள் சிலர் சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. இதற்கு முன்பே 1511இல் மக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி காப்பிக்குத் தடை விதித்திருந்தார். பின்னர் 1633இல் சுல்தான் நான்காம் முராத் தலைநகரின் காப்பிக்கடைகளை மூடவைத்து, புகையிலையையும் தடை செய்தார். இத்தடைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. ஆனால் கறுப்பாகக் கசக்கும் ஒரு பானத்துக்காக எந்த அரசனும் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். முன்பின் அறியாதவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு மணிக்கணக்கில் பேச முடிந்ததுதான் உண்மையான பதற்றம்.

டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் ஒட்டோமன் ஓவியர் ஒருவர் வரைந்த காப்பிக்கடைச் சிற்றோவியம் ஒன்று இருக்கிறது. பொதுவாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவது. ஐரோப்பிய ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு பக்கத் தாளுக்குள் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஏட்டை வைத்திருப்பவர், தவ்லா ஆடுபவர்கள், குழிகளில் காய்களை இட்டு நம் பல்லாங்குழியைப் போலவே ஆடும் மன்காலாவில் குனிந்திருப்பவர்கள், இசைப்பவர்கள், கோப்பைகளோடு நடமாடும் பையன்கள், ஒரு மூலையில் காப்பி கொதிக்கும் அடுப்பு என்று படம் முழுவதும் சலசலப்பு. யாரும் தனியாக இல்லை. உள்ளிருந்து பார்த்த ஒருவரின் கண்ணில் காப்பிக்கடை இப்படித்தான் பட்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால், எழுத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர். கெய்ரோவில் நீண்ட காலம் உள்ளூர் உடையில், அரபு மொழி பேசி வாழ்ந்த அவர் 1836இல் வெளியிட்ட எகிப்தியர் வழக்கங்கள் பற்றிய நூலில், அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பிக்கடைகள் இருந்ததாகக் குறிக்கிறார். அவர் வருணிக்கும் கடை ஆடம்பரமானதன்று. ஒரு சிறிய அறை. தெருவைப் பார்த்த முகப்பு வளைவுகளாக அமைந்த திறந்த மரவேலை. வாசல் நீங்கலாக முகப்பு நெடுகிலும் இரண்டு மூன்று அடி உயரத்தில் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிப் பாய் விரித்த திண்ணை. உள்ளேயும் இரண்டு மூன்று பக்கங்களில் அதே போன்ற திண்ணைகள். வருபவர்கள் தங்கள் புகையிலையையும் குழாயையும் தாங்களே கொண்டுவருவார்கள். கடைக்காரர் தருவது காப்பி மட்டும், கோப்பை ஐந்து ஃபத்தா என்ற சிறு நாணயம். நீர்வழிப் புகைக்கும் குழாய்கள் இரண்டு மூன்று மட்டும் கடையில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும். பிற்பகலிலும் மாலையிலும்தான் கூட்டம். வருபவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்கள், கைவினைஞர்கள், எளிய மக்கள்.

அதைவிட முக்கியமானது அவர் கதைசொல்லிகளைப் பற்றித் தரும் விவரம். அபூ ஸைதின் காதையைச் சொல்பவர்கள் கெய்ரோவில் ஏறத்தாழ 50 பேர், மம்லூக் சுல்தான் பைபர்ஸின் கதையைச் சொல்பவர்கள் 30 பேர், அந்தர் கதையைச் சொல்பவர்கள் 6 பேர் என்று தனித்தனியாகக் கணக்குக் கொடுக்கிறார். அபூ ஸைத் சொல்பவர் ரபாப் என்ற ஒற்றைத் தந்திக் கருவியை இழைத்துக்கொண்டே பாடுவார். கதைசொல்லி முகப்புத் திண்ணையின் மேல் ஒரு சிறு முக்காலியில் அமர, கேட்பவர்களில் சிலர் திண்ணையிலும் சிலர் எதிர் வீட்டு ஓரத்திலும் உட்கார, நடுவே குறுகலான தெரு கிடக்கும். கூட்டத்தை இழுத்துத் தருவதற்காகக் கடைக்காரர் ஏதோ சிறு தொகை கொடுப்பார். கேட்பவர்கள் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை, பலர் கொடுப்பதுமில்லை. ஆக, காப்பிக்கடை ஒரு வணிக இடமாக இருந்தபோதே பாதி தெருவாகவும் பாதி அரங்காகவும் இருந்தது. கடைக்கு உள்ளே வெளியே என்ற கோடு மங்கலானது.

இந்தத் தெருப்பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஓவியங்களுக்கு வருவோம். எல்லா ஓவியர்களையும் ஒரே கூடையில் போடுவது தவறு என்பதால் இரண்டு வகையினரைப் பிரித்துக்கொள்கிறேன்: அங்கேயே வாழ்ந்தவர்கள், வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்.

முதல் வகையில் அந்துவான் இக்னாஸ் மெலிங் மூத்தவர். இஸ்தான்புல்லில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் தங்கி, சுல்தான் மூன்றாம் செலீமின் சகோதரி ஹதீஜே சுல்தானுக்குக் கட்டடக்கலைஞராகப் பணியாற்றியவர். 1819இல் பாரிஸில் வெளியான அவருடைய பெரிய படத்தொகுப்பில் தோப்ஹானே சதுக்கத்திலிருந்த ஒரு பொதுக் காப்பிக்கடையின் உட்புறம் இடம்பெற்றிருக்கிறது. உயர்ந்த கூரையும் வரிசையான சன்னல்களும் சுற்றிலும் உயர்த்திக் கட்டிய இருக்கைகளுமாகக் காற்றோட்டம் நிறைந்த கூடம் அது. கட்டடக்கலைஞர் என்பதால் அவருக்கு அறையின் அளவுகளில்தான் முதல் அக்கறை. மனிதர்கள் அறைக்கு அளவுகோலாக வருகிறார்கள். படம் வெளியான ஆண்டைப் பார்த்து அதை 1819இன் காட்சி என்று எண்ணிவிடக் கூடாது. அது அவர் 1802இல் நகரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய உலகம், சுல்தானின் நிலைப்படையான யெனிச்சேரிப் படையினர் நகரின் காப்பிக்கடைகளில் கோலோச்சிய காலம். தங்கள் படைப்பிரிவின் சின்னத்தைக் கடை வாசலில் மாட்டித் தொழில் நடத்திய அவர்களை 1826இல் இரண்டாம் மஹ்மூத் ஒழித்தபோது, கலகத்தின் கூடுகள் என்று கருதப்பட்ட காப்பிக்கடைகளும் சேர்ந்தே மூடப்பட்டன.

அமெதியோ பிரெசியோசி மால்டாவைச் சேர்ந்த பிரபுக் குடும்பத்தவர். 1842இல் இஸ்தான்புல் வந்து, 1882இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1854ஆம் ஆண்டு நீர்வண்ணக் காப்பிக்கடை ஓவியம் இந்த வகையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பல இனத்தவரையும் பல தொழிலினரையும் அவரவர் உடையோடு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துக் காட்டுகிறது அது. பேரரசின் கலப்பை அது நேர்மையாகக் காட்டுகிறது என்று பாராட்டலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற உடைப்படங்களை வரிசையாக அடுக்கி ஒரு கடைக்குள் வைத்துவிட்டார் என்று குறையும் சொல்லலாம். இரண்டும் உண்மை. பிரெசியோசியின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நினைவுப்பொருள் தேடிய ஐரோப்பியர்கள். அவருடைய நகரக் காட்சிகள் 1858இல் கல்லச்சுத் தொகுப்பாகவும் வந்தன. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் தெருவில் நடந்தவரின் கைக்கு ஓர் இயல்பு உண்டு. அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்போல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வந்துபோனவர்களிடம் இது அரிது. தாமஸ் ஆலம் 1838இல் வெளியிட்ட இஸ்தான்புல் காப்பிக்கடை உட்புறக் காட்சி, பார்த்தவுடன் அரண்மனையோ என்று தோன்றும் அளவுக்கு அலங்காரமானது. அத்தகைய கடைகள் இல்லாமலில்லை. ஆனால் அவை பொதுவிதி அல்ல. 1852இல் அந்நகருக்குச் சென்ற பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே, பாரிஸின் தாம்பிள் சாலையிலிருந்த ‘துருக்கிக் காப்பிக்கடை’ பாரிஸ்காரர்களின் கற்பனையைக் கெடுத்து வைத்திருக்கிறது என்றும், உண்மையான இஸ்தான்புல் கடைகள் அந்த ஆடம்பரத்துக்கு அருகில்கூட வரமாட்டா என்றும் எழுதினார். ஐரோப்பியர்கள் தங்கள் ஊரில் கட்டிய கீழைத்தேயத்தைத் தேடித்தான் கீழைத்தேயத்துக்குப் போனார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்த வகையில் அதிகம் பேசப்படுபவர், பேசப்பட வேண்டியவரும், பிரெஞ்சு ஓவியர் ழான்-லெயோன் ழெரோம். 1856இல் முதன்முறையாக எகிப்துக்குப் போனவர். பின்னரும் பலமுறை போனவர். 1863இல் தீட்டிய ‘ஆல்மேயின் நடனம்’ இப்போது அமெரிக்காவின் டேட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1864 பாரிஸ் கண்காட்சியில் பார்வையாளர்களை ஈர்க்கவும் முகம் சுளிக்கவும் வைத்த ஓவியம். எளிய கடை ஒன்றில், இடுப்புத் தெரிய உடுத்திய பெண் ஒருத்தி இசைக்கு ஆடுகிறாள். ஆயுதம் தரித்த அல்பேனியச் சிப்பாய்கள் அமர்ந்து பார்க்கிறார்கள். சுவரின் காரை, துணியின் மடிப்பு, ஆயுதங்களின் மினுமினுப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது தூரிகைத் தடமே தெரியவில்லை; அதனாலேயே, இதை ஒருவர் நேரில் நின்று பதிவு செய்தார் என்று கண் நம்பிவிடுகிறது.

தலைப்பிலேயே முதல் சிக்கல். ஆலிமா என்ற அரபுச் சொல்லுக்குக் கற்றவள் என்பது பொருள். வசதியான வீடுகளின் பெண்கள் பகுதியில், மரப் பலகணிக்குப் பின்னால் மறைந்திருந்து பாடும் பாடகியரே அவாலிம் எனப்பட்டவர்கள். தெருவிலும் பொது இடத்திலும் முகத்திரையின்றி ஆடியவர்கள் கவாஸி என்ற வேறு கூட்டத்தார். பயணிகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று லேன் 1836லேயே சுட்டிக்காட்டியிருந்தார். 27 ஆண்டுகளுக்குப் பிறகும் குழப்பம் சட்டமிட்டு மாட்டப்பட்டது. இரண்டாவது சிக்கல் இடம். ஆளுநர் முகம்மது அலி 1834இல் பொது நடனப் பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றித் தெற்கிலுள்ள மேல் எகிப்துக்கு அனுப்பினார். 1850இல் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃபிளாபேர் புகழ்பெற்ற நடனக்காரி ஒருத்தியைக் காண எஸ்னா வரை நைல் ஆற்றில் போக வேண்டியிருந்தது. தடை காலப்போக்கில் தளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் ஆயிரம் கடைகளின் அன்றாட மாலைக்கு இந்தக் காட்சியை மாதிரியாகக் கொண்டால் நாம் ஏமாந்துபோவோம். லேன் பார்த்த செருப்புத் தைப்பவரும் மளிகைக் கடைக்காரரும் இங்கே இல்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 1905இல் கொடையாக வந்த ழெரோமின் மற்றொரு கெய்ரோக் காப்பிக்கடை ஓவியத்தில், ஆட்கள் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்கள். காப்பிக்கடை அடுப்பின் நெருப்பில் குண்டு வார்ப்பது நடக்காத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ழெரோமின் ஆயுதம் தரித்த அர்னவுத்துகள், அதாவது அல்பேனியச் சிப்பாய்கள், அவர் தீட்டியபோதே பழங்கதையாகிக்கொண்டிருந்தவர்கள். எகிப்து 1820களிலிருந்தே உழவர்களைக் கட்டாயமாகச் சேர்த்துப் புதுமுறைப் படையைக் கட்டியிருந்தது. அவருக்கு அந்தச் சிப்பாய்களின் உடையும் ஆயுதமும் தேவைப்பட்டன. பயணங்களில் வாங்கிவந்த துணிகளையும் கருவிகளையும் பாரிஸ் ஓவியக்கூடத்தில் கூலி மாதிரிகளுக்கு அணிவித்துத் தீட்டுவது அவர் வழக்கம். மெட்ரோபாலிட்டனிலேயே உள்ள, ஒட்டோமன் ஒழுங்கற்ற படையின் சிப்பாய் ஒருவனைக் காட்டும் ‘பாஷி-பஸூக்’ அப்படி உருவானதுதான். ஆகவே துணி உண்மை, ஆயுதம் உண்மை, அவற்றைத் தாங்கிய உடல் பாரிஸ் உடல். இத்தகைய மாதிரிகள் ஒருவரோடு ஒருவர் என்ன பேசியிருக்க முடியும்? அசையாமல் உட்காரத்தான் அவர்களுக்குக் கூலி.

மௌனத்துக்கு இது ஒரு காரணம். மொழி தெரியாமை இன்னொன்று. நிலைகுத்தி நிற்கும் ஓவியத்தில் பேச்சை எப்படிக் காட்டுவது என்று சிலர் கேட்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களான அத்ரியான் வான் ஒஸ்தாதேயும் யான் ஸ்தேனும் மதுக்கடைகளைத் தீட்டியபோது, திறந்த வாயும் நீட்டிய கையும் சரிந்த நாற்காலியுமாகக் கூச்சலே காதில் விழும்படி செய்தார்கள். பாரிஸில் பயின்ற எந்த ஓவியனும் அந்த மரபை அறியாதவனல்லன். தன் ஊர்க் கடையைத் தீட்டும்போது வாய்கள் திறக்கின்றன, கெய்ரோக் கடையைத் தீட்டும்போது மூடிக்கொள்கின்றன என்றால் குறை கலைச்சாதனத்தில் இல்லை. ‘கெயிஃப்’ என்ற சொல்லை ஐரோப்பியப் பயணிகள் ஆசையோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் இன்புற்று அமர்ந்திருக்கும் மயக்கநிலை என்று அதற்குப் பொருள் கொண்டு, முழு நாகரிகத்துக்கும் அதையே முகவரியாக்கினார்கள். புகை சுருள, கண் பாதி மூட, காலம் நின்றுபோன முகங்களையே வாங்குபவர்கள் எதிர்பார்த்தார்கள். ழெரோமின் மாமனார் அதோல்ஃப் கூப்பில் பாரிஸின் பெரிய கலை வணிகர். ஓவியத்தை விற்றதோடு நில்லாமல் அதன் செதுக்கு அச்சுகளையும் புகைப்பட நகல்களையும் கடல் கடந்து விற்றவர். அந்த முகம் அப்படித்தான் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் சுவர்களுக்கு ஏறியது.

பேச்சு முற்றாக இல்லாமலும் போகவில்லை. ஓராஸ் வெர்னே 1833இல் தீட்டிய ‘அரபுக் கதைசொல்லி’ லண்டன் வாலஸ் தொகுப்பில் இருக்கிறது. அதில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் மரத்தடியில், ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். கதை என்றால் கீழைத்தேயத்தவர் வாய் திறக்கலாம், அரசு விதிக்கும் வரி என்றால் திறக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி போலும்.

வரியைப் பற்றி அவர்கள் பேசினார்கள். இதற்கு மறுக்க முடியாத சான்று வேறொரு திசையிலிருந்து வருகிறது. இஸ்தான்புல்லின் ஒட்டோமன் ஆவணக் காப்பகத்தில் 1840களின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த ஒற்றர் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. வரலாற்றாசிரியர் ஜெங்கிஸ் கிர்லி அவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். அரசு அமர்த்திய ஆட்கள் காப்பிக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் அமர்ந்து, இன்ன கடையில் இன்னார் இன்னாரிடம் இதைச் சொன்னார் என்று எழுதி அனுப்பிய குறிப்புகள் அவை. வரி, விலைவாசி, எகிப்தின் முகம்மது அலியோடு நடந்த மோதல், வல்லரசுகளின் நோக்கம் எல்லாம் அவற்றில் வருகின்றன. முந்தைய காலத்தில் இப்படிப் பேசியவர்கள் தண்டனையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இக்குறிப்புகளின் நோக்கமோ, பேசியவரைப் பிடிப்பதைவிட மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அரண்மனை அறிந்துகொள்வதாக இருந்தது என்று கிர்லி வாதிடுகிறார். பிரெசியோசி அந்நகருக்கு வந்த ஆண்டு 1842. அவர் வரைபலகையோடு அமர்ந்த அதே வகைக் கடையில், இரண்டு திண்ணை தள்ளி, இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும். ஒருவர் உடையை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர் பேச்சை எடுத்துக்கொண்டு போனார்.

செய்தித்தாள் வந்தபிறகு இந்த இடைவெளி இன்னும் அகன்றது. ஒட்டோமன் அரசிதழ் 1831இல் தொடங்கிற்று. 1860இல் தனியார் கையில் ‘தெர்ஜுமான்-ய் அஹ்வால்’ வெளிவந்தது. இதழ்களை வைத்து வாசிக்கவிட்ட காப்பிக்கடைகளுக்குக் கிராஅத்ஹானே, அதாவது வாசிப்பகம், என்று பெயர் ஏற்பட்டது. ஸராஃபிம் என்ற ஆர்மீனியர் 1850களின் பிற்பகுதியில் இஸ்தான்புல்லில் நடத்திய வாசிப்பகத்துக்கு அக்கால எழுத்தாளர்கள் கூட்டமாக வந்தார்கள். கெய்ரோவில், அஸ்பக்கியாப் பூங்காவை ஒட்டிய மத்தாத்தியா காப்பிக்கடையில், 1871 முதல் 1879 வரை அந்நகரில் வாழ்ந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி மாலைதோறும் மாணவர்கள் சூழ அமர்ந்து அரசியலும் தத்துவமும் பேசினார். முகம்மது அப்துவும் பின்னாளில் நாட்டின் தலைமை அரசியல்வாதியான ஸஅத் ஸக்லூலும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1879இல் புதிய ஆட்சியாளர் தௌஃபீக் ஆப்கானியை நாடு கடத்தினார். ழெரோமின் சிப்பாய்கள் குண்டு வார்த்துக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும் மேசைகளையும் நாற்காலிகளையும் செய்தித்தாள்களையும் சட்டை அணிந்த இளைஞர்களையும் எந்தக் கீழைத்தேய ஓவியனும் தீட்டத் தகுந்தவையாகக் கருதவில்லை. அவை அவனுடைய ஊரைப்போலவே இருந்தன.

பெண்களைப் பற்றி ஒரு சொல். காப்பிக்கடை ஆண்களின் இடம். ஓவியங்களில் அங்கே தென்படும் பெண் பெரும்பாலும் ஆடுபவளே. ஆனால் காப்பியின் மற்றப் பாதி வீட்டில் இருந்தது. 1841 முதல் 1851 வரை கெய்ரோவில் வாழ்ந்த ஜான் பிரெடரிக் லூயிஸ் 1857இல் தீட்டிய ‘காப்பி கொண்டுவருபவள்’ மான்செஸ்டரில் இருக்கிறது. கைப்பிடியில்லாத சிறு கோப்பை, அதைத் தாங்கும் ஸர்ஃப் என்ற உலோகத் தாங்கி, தட்டு ஆகிய பரிமாறும் முறையைப் பார்க்க விரும்புபவர்கள் கடைக் காட்சிகளைவிட இத்தகைய வீட்டுக் காட்சிகளையே நாடலாம். இதுவும் இங்கிலாந்து திரும்பி ஆறு ஆண்டு கழித்துத் தீட்டியதே.

இந்த ஓவியங்களைப் பற்றிய இன்றைய விவாதம் எட்வர்ட் செய்த் 1978இல் வெளியிட்ட ‘ஓரியன்டலிசம்’ என்ற நூலிலிருந்தும், அதைத் தொடர்ந்து கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்தும் கிளம்பியது. ழெரோமின் துல்லியமே ஒரு தந்திரம். பார்க்கும் ஐரோப்பியனும் நடந்துகொண்டிருந்த வரலாறும் அந்தத் துல்லியத்துக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது நாக்லினின் வாதம். காப்பிக்கடை ஓவியங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் அந்த வாதத்தை மெலிங், பிரெசியோசி மீதும் அப்படியே விரித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரெசியோசியும் ஐரோப்பியச் சந்தைக்கு வரைந்தவர்தாம். ஆனால் வாழ்ந்த ஊரில் மறுநாள் காலை முகம் கொடுக்க வேண்டியவரின் கண் வேறு. ழெரோமிடமே பயின்ற ஒஸ்மான் ஹம்தி பேயையும் இங்கே நினைக்க வேண்டும். பாரிஸில் ஓவியம் கற்று, 1881இல் பேரரசின் அருங்காட்சியக இயக்குநரான அவர் 1879இல் ‘காப்பி அடுப்பு’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஓடு பதித்த சுவரும் திண்டுகளும் ஆசிரியர் வழியில் வந்தவை. ஆனால் அவருடைய பிற ஓவியங்களில் மனிதர்கள் நூலை விரித்து வாசிக்கிறார்கள், நின்று விவாதிக்கிறார்கள். பலவற்றில் மாதிரியாக நின்றவர் அவரேதான். ஒரு காப்பிக்கடையின் உள்ளே அவர்களைக் கொண்டுபோய் அமர்த்தியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

எனவே உங்களுடைய முதல் கேள்விக்கு இப்படிச் சொல்வேன். திண்ணையின் உயரம், பாயின் பின்னல், நீண்ட குழாயின் மரத்தண்டு, காப்பிக் கொப்பரை வைக்கும் அடுப்பு, வளைவு மரச் சட்டம் ஆகியவற்றுக்கு இந்த ஓவியங்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். லேனின் வருணனையோடு வைத்துப் பார்த்தால் பல இடங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு மெலிங்கையும் பிரெசியோசியையும் ஓரளவு கேட்கலாம், ழெரோமைக் கேட்கக் கூடாது. அடுத்த முறை பிரெசியோசியின் 1854 ஓவியத்தைப் பார்க்கும்போது, நடுவில் உள்ள பகட்டான உடைகளை விட்டுவிட்டு, யாருடைய முழங்கால் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு 1840களின் ஒற்றர் குறிப்புகளில் ஏதேனும் ஒன்றை எடுத்து, இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று தொடங்கும் வரியை அந்த முழங்கால்களுக்கு மேலே வைத்து வாசியுங்கள்.